பிள்ளைகளுக்கு எது போய்ச் சேருகிறது?

(நமது சங்கத்தின் உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வாரம் செயலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஸார், அடுத்த தலைமுறைக்கு தேசபக்தி, மரியாதை, நல்ல பழக்கவழக்கம் இதையெல்லாம் எப்படிக் கொடுக்கிறதுன்னு நீங்க அரை மணி பேசணும்" என்றார். "யாருக்காகப் பேசணும், அடுத்த தலைமுறைக்கா, நமக்கா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வருவா ஸார்" என்றார். இப்போது எண்ணிப் பார்த்தேன். முப்பது வயதுக்குக் கீழே ஏழு பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அம்மா மடியில் தூங்குகிறார்கள். ஆகையால் இந்தப் பேச்சு பெரும்பாலும் நமக்குத்தான். சின்னவர்கள் ஒட்டுக் கேட்டால் போதும்.

நான் பௌதிகம் படித்தவன். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் கணக்குப் பார்த்தவன். இரண்டு வேலைக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது. அதே பழக்கத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன். இந்த தேசபக்தி என்பது எனக்குள் எப்படி வந்தது? யாராவது மேடையில் பேசி வந்ததா?

யோசித்துப் பார்த்ததில் அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை ராத்திரி. 1965-ஆம் ஆண்டு, பாகிஸ்தான் யுத்தம், உணவுத் தட்டுப்பாடு. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று தேச மக்களைக் கேட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் ஹோட்டல்கள் அன்று மாலை மூடிவிடும். எங்கள் வீட்டில் அம்மா அடுப்பு மூட்டவில்லை. "ஏன்?" என்று கேட்டேன். "சாஸ்திரி சொல்லியிருக்கார்" என்றாள். அவ்வளவுதான் விளக்கம். பாட்டிக்கு ஏற்கெனவே சோமவார விரதம். "எனக்கு இது புதுசா?" என்று கேட்டுவிட்டு ஜபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து வயதுப் பையனுக்கு வயிறு காய்ந்தது. ஆனால் டில்லியில் இருக்கும் ஒருவர் சொன்னதற்காக எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்கிறது என்பது மனதில் ஏறியது. தேசம் என்று ஒன்று இருக்கிறது என்பதை நான் முதன்முதலில் வயிற்றால்தான் தெரிந்துகொண்டேன்.

1971-இல் வேலை கிடைத்து இந்த நகரத்துக்கு வந்தேன். அன்று கல்கத்தா, 2001-லிருந்து கொல்கத்தா. நாக்கு இன்னும் முழுசாக மாறவில்லை, மன்னிக்கவும். அந்த வருஷம் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்தவண்ணம் இருந்தார்கள். மொத்தம் சுமார் ஒரு கோடிப் பேர் என்பது அரசாங்கக் கணக்கு. இன்று கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கும் சால்ட் லேக் அப்போது வெறும் மணல் திடல். அங்கே போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள்ளே குடும்பம் குடும்பமாக மனிதர்கள் வாழ்ந்தார்கள். அந்த நவம்பரிலிருந்து நாடு முழுவதும் கடிதங்களுக்கு 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை கூடுதலாக ஒட்டவேண்டும் என்று வந்தது. ஊருக்கு அம்மாவுக்கு நான் போடும் கடிதத்தில் அதை ஒட்டுவேன். அம்மா பதிலில், "இங்கேயும் ஒட்டுகிறோம்" என்று எழுதியிருந்தாள். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு அம்மாள், தான் பார்த்தே இராத ஜெஸ்ஸூர், குல்னாக்காரர்களுக்காக ஐந்து பைசா கொடுக்கிறாள். யாரும் முணுமுணுத்ததாக எனக்கு நினைவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரியவர்கள் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுப்பதைக் குழந்தை கண்ணால் பார்த்தது. பார்த்ததால் ஒட்டியது. இன்றைக்கு நம் வீட்டில் தேசத்துக்காக நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு குழந்தை கேட்டால் நாம் எதைக் காட்டுவது? வாட்ஸ்அப்பில் வரும் மூவர்ணப் படத்தை நாற்பது பேருக்கு அனுப்புவதையா?

நம் ஊர்க்காரர் ஒருவர், அதுவும் நம்மைப் போலவே மத்திய அரசாங்க உத்தியோகத்துக்காக இந்த நகரத்துக்கு வந்தவர், சர் சி. வி. ராமன். திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். 1907-இல் நிதித்துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். பத்தொன்பது வயது கூட நிறையவில்லை. கைநிறையச் சம்பளம். அந்தக் காலத்தில் ஒரு பிராமணப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பதவி கனவிலும் வராது. மாமனார் வீட்டில் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒருநாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பலகையைப் பார்த்தார் என்று சொல்வார்கள். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் அது. இந்தியர்கள் இந்தியர்களின் பணத்தில், இந்தியர்கள் விஞ்ஞான ஆராய்ச்சி செய்வதற்காக ஏற்படுத்தியது. ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லை. ராமன் போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்ற உதவியாளர். அன்றிலிருந்து, நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலான காலம் நீங்கலாக, பத்து வருஷம் ராமனின் தினசரி வாழ்க்கை இதுதான்: விடிந்ததும் ஆராய்ச்சிக்கூடம், பிறகு ஆபீஸ், மாலையில் மறுபடி ஆராய்ச்சிக்கூடம். அரசாங்கத்துக்குப் பகலில் உழைத்த மூளையை நாட்டுக்கு இரவில் கொடுத்தார். இதை அவர் தேசபக்தி என்று சொல்லிக்கொண்டாரா என்றால், இல்லை. வயலினின் தந்தி எப்படி அதிர்கிறது, மிருதங்கத்தில் ஏன் அந்த நாதம் வருகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1917-இல் சர் ஆசுதோஷ் முகர்ஜி அவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியராக அழைத்தார். சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்று நிபந்தனை வேறு. ராமன் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்காக நிபந்தனைதான் தளர்ந்தது. 1928 பிப்ரவரி 28, 1930 நோபல் பரிசு, இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஸ்டாக்ஹோம் விழா மண்டபத்தில் தலைப்பாகையும் மூடிய கோட்டுமாக உட்கார்ந்திருந்தபோது, தான் பிரிட்டிஷ் கொடியின் கீழ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என் தேசத்துக்கென்று ஒரு கொடிகூட இல்லையே என்று கண்ணீர் விட்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்தக் கண்ணீரைப் பற்றிப் பேசாத சுதந்திர தினக் கூட்டம் கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் அந்தச் சம்பளக் குறைப்பு. கண்ணீர் ஒரு நிமிஷம். பாதிச் சம்பளம் மாதாமாதம் வரும்.

இன்னொரு விஷயம். கதவைத் திறந்துவிட்டாரே, அந்த ஆசுதோஷ் தே, அவரை எல்லோரும் ஆசு பாபு என்பார்கள். ராமனின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றில் ராமன் பெயரோடு ஆசு பாபுவின் பெயரும் ஆசிரியராக அச்சாகியிருக்கிறது, வெளிநாட்டுப் பத்திரிகைகளில். கருவிகளைத் துடைத்து எடுத்துவைக்கும் உதவியாளரின் பெயரைக் கட்டுரையில் போடவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ராமன் வாய்த் துடுக்கானவர், கோபக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மரியாதை என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால், இதைத்தான். நம்மைவிட உயர்ந்தவருக்குக் கும்பிடு போடுவதில் ஒரு செலவும் இல்லை. நமக்குக் கீழே வேலை செய்கிறவனுக்கு அவனுக்குரியதைக் கொடுப்பதில்தான் செலவு.

அதனால் மரியாதைக்கு வருகிறேன்.

வங்காளியில் மூன்று படி உண்டு, இங்கே பிறந்த குழந்தைகளுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆப்னி, துமி, துயி. நமக்கு நீங்கள், நீ. திருநெல்வேலிக்காரர்களுக்கு நடுவில் நீர். என்னோடு 1971-இல் வந்த நண்பர் ஒருவர் வங்காளியை லேக் மார்க்கெட் காய்கறிக்காரர்களிடம் பேரம் பேசியே கற்றுக்கொண்டார். அதனால் அவருக்குத் தெரிந்தது துமி மட்டும்தான். ஒருநாள் ஆபீஸில் மேலதிகாரியைப் பார்த்து, "துமி எப்போது கையெழுத்துப் போடுவாய்?" என்று கேட்டுவிட்டார். அந்த அதிகாரி பெருந்தன்மையானவர். சிரித்துவிட்டு, "மாலைக்குள் போட்டுவிடுகிறேன்" என்றார். மரியாதை கொடுக்கத் தெரியாதவனைப் பார்த்துக் கோபப்படாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான் என்று அன்று தெரிந்தது.

நம் வீடுகளில் குழந்தைகள் அப்பாவை "நீ" என்றுதான் கூப்பிடும். "அப்பா, நீ சாப்ட்டியா?" என்று கேட்கிற குழந்தைக்கு மரியாதை இல்லை என்று யாரும் சொல்லமாட்டோம். வடக்கத்திக்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். ஆகவே சொல்லின் உருவத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ஆனால் அதே "நீ" வீட்டு வேலைக்கு வரும் அறுபது வயது அம்மாளிடம் போகும்போது என்ன ஆகிறது?

நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். பெங்களூரிலிருந்து ஒன்பது வயதுப் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். சமையலுக்கு உதவ வரும் அம்மாளை "மாஷி" என்று கூப்பிடவேண்டும் என்று பாட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நல்ல விஷயம். இரண்டு நாள் கழித்துக் குழந்தை, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டது: "பாட்டி, மாஷின்னா அம்மாவோட அக்கா தங்கைதானே? அவாளை நீ ஏன் துயின்னு கூப்பிடறே? வாசல்ல நாய்க்குட்டியைக்கூட அப்படித்தானே கூப்பிடறே?" மாமி பதில் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். குழந்தைக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தாயிற்று. சொல்லிக்கொடுத்ததை வைத்தே அது நம்மை அளக்கவும் ஆரம்பித்தாயிற்று. அளக்கிற குழந்தையை "பெரியவாளை எதிர்த்துப் பேசாதே" என்று அடக்கினால், நாம் போட்ட விதையை நாமே பிடுங்கிப் போடுகிறோம்.

நமஸ்காரம் பண்ணுவதைப் பற்றிப் பெரியவர்களுக்குக் குறை உண்டு. "இந்தக் காலத்துப் பசங்க முதுகு வளையறதில்லை." உண்மைதான், பாதி. இந்த ஊரில் விஜயதசமிக்குப் பிறகு வங்காளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, தேங்காய் நாருவும் மிஷ்டியும் வாங்கிச் சாப்பிடும். நம் கொலு முடிந்த கையோடு வருவதால் நம் குழந்தைகளும் சேர்ந்து போகும். அங்கே முதுகு நன்றாகவே வளைகிறது. இனிப்பு மட்டும் காரணம் இல்லை. அந்த வீட்டுத் தாதுவும் தித்மாவும் வாசலிலேயே காத்திருக்கிறார்கள். குழந்தை குனிந்ததும் தலையில் கையை வைத்து, தாடையைப் பிடித்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறார்கள். நம் வீட்டில்? பூணூல் போட்ட பையன் ரிஷிகள் பெயரையும் கோத்திரத்தையும் சூத்திரத்தையும் சொல்லி, கடைசியில் தன் பெயரையும் சொல்லி அபிவாதனம் செய்கிறான். மாமா ஒரு கையில் டி.வி. ரிமோட்டை வைத்துக்கொண்டு, "ம்ம், நன்னா இரு" என்கிறார். அபிவாதனம் என்பது சுய அறிமுகம் ஐயா. இன்னாருடைய வழியில் வந்த இன்னார் உங்கள் முன்னால் நிற்கிறேன் என்கிறான். அதைக் காது கொடுத்துக் கேட்டு, பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் செய்வது நம் பங்கு. பெண் குழந்தைகளுக்கு இந்த அறிமுகம்கூட நம் வழக்கத்தில் கிடையாது. அவர்கள் நமஸ்காரம் பண்ணும்போது நாமாவது பெயர் சொல்லி அழைக்கலாம்.

நல்ல பழக்கவழக்கம் என்பதில் அதிக நேரம் செலவழிக்க நான் தயாராக இல்லை. ஒரே ஒரு விஷயம். 1984 அக்டோபர் 24-ஆம் தேதி நம் நகரத்தில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை. இந்தியாவிலேயே முதல் மெட்ரோ. அதற்குச் சில நாட்களுக்குள் நான் போய்வந்தேன். மேலே தெருவில் வெற்றிலையைத் துப்பிக்கொண்டு வந்த அதே மனிதர்கள் படி இறங்கியதும் துப்பவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம். மனிதன் அதே மனிதன், எச்சில் அதே எச்சில். கீழே சுத்தமாக இருந்தது, தடை இருந்தது, கூடவே "இது நம்முடையது" என்ற பெருமையும் இருந்தது. இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் மூன்றும் வேண்டும். வெறும் தடை போதாது. நம் சங்கக் கச்சேரியில் கைபேசியை அணைத்து வையுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் அறிவிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஆலாபனை நடுவில் ஒன்று அடிக்கிறது. அது பெரும்பாலும் எந்த வரிசையிலிருந்து அடிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். பின் வரிசைக்காரர்கள் சிரிக்கிறார்கள், தெரிகிறது.

மெட்ரோவில் இன்றும் நான் ஏறினால் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். "மேஷோமஷாய், போஷுன்" என்கிறார்கள். உட்கார்ந்துகொண்டு நாம் நன்றி சொல்கிறோமா? நம்மில் பல பேருக்கு நன்றி சொல்வது கூச்சம். வெளிநாட்டிலிருந்து வரும் பேரன் தோசை போட்ட பாட்டிக்கும் தேங்க்யூ, தண்ணீர் கொடுத்த தாத்தாவுக்கும் தேங்க்யூ என்பான். "ஆத்துக்குள்ளே என்னடா தேங்க்ஸ்?" என்று கேலி செய்கிறோம். கேலி வேண்டாம். நாம் மனசுக்குள் வைத்துக்கொள்வதை அவன் வாயால் சொல்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிநாட்டுப் பேரன் என்று சொன்னதும் சபையில் ஒரு சலசலப்பு. வீட்டுக்கு ஒரு பேரன் இருக்கிறான், தெரியும். இங்கேதான் நம் தலைப்பு உண்மையில் வலிக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய பேத்தி அமெரிக்காவில் பிறந்தவள், அந்த நாட்டுப் பிரஜை. தினம் காலையில் பள்ளிக்கூடத்தில் நெஞ்சில் கை வைத்து அந்த நாட்டுக் கொடிக்கு விசுவாச உறுதிமொழி சொல்கிறாள். "அவளுக்கு நான் எந்த தேசத்தின் பக்தியைச் சொல்லிக்கொடுப்பது?" என்றார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. குரல் தழுதழுத்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. நமது அரசியல் சாசனத்தின் 9-ஆவது ஷரத்துப்படி, ஒருவர் தாமாக வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது. 2005 முதல் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டையில் குடிமகன் என்ற வார்த்தை இருக்கிறதே தவிர, ஓட்டு கிடையாது. ஆகவே அந்தக் குழந்தையிடம், "நீ உண்மையில் இந்தியாக்காரி" என்று சொன்னால் அது பொய். அது தன் தேசத்துக்கு விசுவாசமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் எந்த தேசத்துக்கும் இல்லாமல் வளரும். நாம் கொடுக்கக்கூடியது வேறு. தாத்தாவின் தேசம் எது, அது எப்படி உண்டாயிற்று என்ற கதை. அதைக் கேட்கக் குடியுரிமை வேண்டாம்.

உறுதிமொழி என்றதும் இன்னொன்று. அதைச் சொல்லும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றம் 1986-இல், கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று குழந்தைகளைப் பள்ளிக்கூடம் நீக்கியது தவறு என்றது. சினிமாக் கொட்டகையில் கீதம் போட்டே ஆகவேண்டும் என்று 2016-இல் வந்த உத்தரவும் 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்று மாறியது. வழக்குகளின் சட்ட நுணுக்கம் வக்கீல் உறுப்பினர்களுக்குத்தான் தெரியும். எனக்குப் படுவது இவ்வளவுதான்: பக்தியைச் சட்டத்தால் வரவழைக்க முடியாது என்று இரண்டு தேசத்து நீதிபதிகளுக்கும் தோன்றியிருக்கிறது. வீட்டிலே அதட்டி வரவழைக்க முடியும் என்று நமக்கு மட்டும் ஏன் தோன்றுகிறது?

கதைக்கு நம் நகரத்தில் பஞ்சமே இல்லை. பேரக் குழந்தைகள் வந்தால் சௌத் சிட்டி மாலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். அந்த மால் எல்லா ஊரிலும் இருக்கிறது. 'ஜன கண மன' முதன்முதலாகப் பாடப்பட்டது இந்த ஊரில்தான், 1911 டிசம்பர் 27, காங்கிரஸ் மகாசபையில். 1919-இல் அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியில் தாகூர் தங்கியபோது அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மார்கரெட் கசின்ஸ் என்ற அயர்லாந்து அம்மையார் அதற்கு ஸ்வரக் குறிப்பு எழுதினார். வங்கத்தில் பிறந்த கீதம் நம் பக்கம் வந்து மெட்டுக் கட்டிக்கொண்டது. இங்கே குடியேறிய நமக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? பாட 52 விநாடி. அந்த 52 விநாடிக்குப் பின்னால் இருப்பதைச் சொல்ல அரை மணி ஆகும், குழந்தை கேட்கும்.

நேதாஜியின் எல்ஜின் ரோடு வீட்டுக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அவர் புறப்பட்ட காரே அங்கே இருக்கிறது. அவருடைய படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சென்னைப் பெண். அலிப்பூர் சிறை 2022-லிருந்து அருங்காட்சியகமாகிவிட்டது, நேரு இருந்த அறையைப் பார்க்கலாம். பாரதி டம்டமில் நிவேதிதா தேவியைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மையார் கேட்டதும், அந்தக் கேள்வியே அவரை மாற்றியதும் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதுப் பேத்தி கேட்ட கேள்வியை எனக்கு நினைவுபடுத்துவது இதுதான்.

சாசனத்தில் 51-ஏ என்று ஒரு ஷரத்து உண்டு. அடிப்படைக் கடமைகள். 1976-இல் பத்தாக வந்தது, 2002-இல் பதினொன்றானது. கொடியையும் கீதத்தையும் மதிப்பது முதல் கடமையிலேயே இருக்கிறது. அதே பட்டியலில் நதிகளையும் ஏரிகளையும் காப்பது, பொதுச் சொத்தைக் காப்பது, விஞ்ஞான மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் குணத்தையும் வளர்ப்பது எல்லாம் இருக்கின்றன. நாம் முதல் கடமையோடு நிறுத்திக்கொள்கிறோம். கேள்வி கேட்பது தேசக் கடமை என்று சாசனமே சொல்லியிருக்கும்போது, பின் வரிசைக்காரர்கள் தைரியமாகக் கேட்கலாம்.

கடைசியாக, செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 காலையில் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் கொடியேற்றி, லட்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். இந்த வருஷம் கொடியைப் பிள்ளைகள் ஏற்றட்டும். ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்றவேண்டும், இறக்கும்போது நிதானமாக இறக்கவேண்டும் என்று 2002 கொடி விதிமுறையில் இருக்கிறது. அதை அவர்களே படித்து வந்து நமக்குச் சொல்லட்டும்.

அதைவிட முக்கியம் மறுநாள். ஆகஸ்ட் 16 காலையில் ராஷ்பிஹாரி அவென்யூவில் நடந்து பாருங்கள். முதல்நாள் குழந்தைகள் ஆட்டிய காகிதக் கொடியும் பிளாஸ்டிக் கொடியும் சாக்கடை ஓரத்தில் கிடக்கும், மேலே ஆள் நடப்பார்கள். கீழே போடக்கூடாது, பழசானால் தனியிடத்தில் மரியாதையாக அழிக்கவேண்டும் என்பதும் அதே விதிமுறைதான். ஆகவே 16-ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு லேக் மார்க்கெட் வாசலில் கூடுவோம். பெரியவர்கள் குனியலாம், முதுகு பிடிக்காதவர்கள் பையைப் பிடிக்கலாம். பை நான் கொண்டுவருகிறேன். எட்டு மணிக்கு காபி செயலாளர் பொறுப்பு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். பேரக் குழந்தைகள் ஊரில் இருந்தால் அழைத்து வாருங்கள், எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை.